ஆற்றுக்குக் கணக்கெழுதும் கோடை

நொய்யல் படுகையில் சாயக் கழிவுநீரால் நிலம் கெட்டுப்போன விவசாயிகளுக்கு எவ்வளவு இழப்பீடு என்று, தமிழ்நாட்டுக்கான சூழலியல் இழப்பு ஆணையம் 2004 டிசம்பரில் ஒரு தொகையை நிர்ணயித்தது. 24 கோடியே 79 லட்சத்துச் சொச்சம் ரூபாய். பெற வேண்டியவர்கள் 28,596 பேர். வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரியாக 8,700 ரூபாய்கூட வரவில்லை.

அந்தத் தொகை போதுமா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். இப்படி ஒரு கணக்கை எப்படித்தான் போடுகிறார்கள்? எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு, அதனால் மஞ்சள் எத்தனை குவிண்டால் குறைந்தது, நெல் வைத்தவர் எந்த வருடம் தென்னைக்கு மாறினார் என்று யாராவது ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினால்தான் இந்த மாதிரி ஆய்வு நகரும். அறிக்கையில் பேராசிரியர் பெயர் இருக்கும். வெயிலில் நடப்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். கல்லூரி லீவு விட்ட மே, ஜூன் மாதங்களில் ஒரு சிறு உதவித்தொகைக்காகவோ, வெறும் சான்றிதழுக்காகவோ வருபவர்கள். ‘சம்மர் ரிசர்ச் இன்டர்ன்’ என்று அவர்களுக்குப் பெயர். துறை, சூழலியல் பொருளாதாரம்.

பொறியியல் மாணவனுக்கு ஐ.டி. கம்பெனி தெரியும், பி.காம். மாணவிக்கு ஆடிட்டர் ஆபீஸ் தெரியும். முதுகலைப் பொருளியல் படிப்பவர்களில் விவரமானவர்கள் ரிசர்வ் வங்கியின் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பார்கள். ஆறு, ஏரி, அலையாத்திக் காடு ஆகியவற்றின் பொருளாதாரத்தை ஆராயவும் இரண்டு மாத இடங்கள் இருக்கின்றன என்பது நம்மூர் அரசுக் கல்லூரி வகுப்பறை வரை வந்து சேர்வதில்லை. வந்து சேராததால் யாருக்கு நஷ்டம் என்றால், மாணவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

தஞ்சாவூர்க்காரர் போட்ட பிள்ளையார் சுழி

வழக்கமான பொருளாதாரப் பாடத்தில் ஆறும் காடும் கடையில் இருக்கும் சரக்குகளில் ஒன்று. விலை தப்பாகப் போட்டிருந்தால் திருத்தினால் போதும். சூழலியல் பொருளாதாரமோ அந்தக் கடையே ஆற்றங்கரையில்தான் நிற்கிறது, கரை இடிந்தால் கல்லாப்பெட்டியும் சேர்ந்து போகும் என்கிறது. ருமேனியாவில் பிறந்த நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன் 1971-ல் வெளியிட்ட புத்தகத்தில், எந்த உற்பத்தியும் வெப்ப இயக்கவியலின் விதிகளை மீற முடியாது என்று வாதிட்டார். அவருடைய மாணவர் ஹெர்மன் டேலி, வளர்ச்சிக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று கடைசிவரை எழுதினார். உலக வங்கிக்குள் வேலை பார்த்த ஆறு ஆண்டுகளிலும் அதையே சொன்னார். ‘எக்கலாஜிக்கல் எகனாமிக்ஸ்’ என்ற ஆய்விதழ் 1989-ல் தொடங்கியது. 1997-ல் ராபர்ட் கோஸ்டான்சாவும் சகாக்களும், இயற்கை ஓர் ஆண்டில் நமக்குச் செய்யும் சேவைகளின் மதிப்பு சுமார் 33 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அப்போது உலக நாடுகளின் மொத்த உற்பத்தியே 18 லட்சம் கோடி டாலர்தான்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் ஒருவர் இருக்கிறார். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காளர் படிப்பு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், பம்பாயில் தணிக்கைத் தொழில் என்று சூட்டும் கோட்டுமாக இருந்த மனிதர் 1929-ல் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவருக்குக் கொடுத்த முதல் வேலை, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டாரக் கிராமங்களின் பொருளாதாரத்தை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது. உடன் அனுப்பப்பட்டவர்கள் குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள். அவர்களுக்கு அது கோடை இல்லை, குளிர்காலம். மற்றபடி இன்றைய இன்டர்ன் செய்யும் வேலையேதான். 1931-ல் அந்த ஆய்வு புத்தகமாக வந்தது. நிலக்கரி, பெட்ரோல் போல எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் இருப்பை நம்பிய பொருளாதாரம் ஒன்று, காடும் காற்றும் போலத் தொடர்ந்து ஊறி வருவதை நம்பிய பொருளாதாரம் இன்னொன்று என்று குமரப்பா பின்னாளில் பிரித்துச் சொன்னார். ஜபல்பூர் சிறையில் இருந்தபடி ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி எழுதிய காலத்துக்கு முன்பே, மாத்தர் வட்டாரத்து வீடுகளில் யாரிடம் எத்தனை மாடு, எவ்வளவு கடன் என்று அவர் கேட்டு முடித்திருந்தார். நம் பொருளியல் துறைகளில் அவர் படத்துக்கு மாலை போடுவார்கள். பாடத்திட்டத்தில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

கிணற்றடியில் ஒரு காலை

இந்த வேலை கிட்டத்தில் எப்படி இருக்கும்? நொய்யல் கரையில் ஒரு கிணற்றடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவியின் கையில் பேனா அளவில் ஒரு மீட்டர். மோட்டாரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். குழாயில் தேங்கிய நீரை அளந்தால் பொய்க் கணக்கு வரும். பிறகு கழுவிய பாட்டிலில் பிடித்து மீட்டரை நனைத்தால் நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று எண் ஓடும். உப்பு ஏற ஏற எண் ஏறும். டெசிசீமன்ஸ்/மீட்டர் என்ற அலகில் அது மூன்றைத் தாண்டினால் பாசனத்துக்கு அந்த நீரைப் பயன்படுத்துவதில் கடும் கட்டுப்பாடு தேவை என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதல்.

உப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பருத்தித் துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பு போட வேண்டும். கழிவுநீரில் நிறத்தை எடுத்துவிட்டாலும் கரைந்த உப்பு போகாது. கண்ணுக்குத் தெளிந்த தண்ணீராகத் தெரியும், வயலுக்குப் பாய்ச்சினால்தான் சேதி தெரியும். நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு நீர் சேர்க்கக் கட்டியது. சாயக் கழிவைச் சேர்த்து வைக்கும் குட்டையாகிவிட்டது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறாத ஏற்பாடு இல்லாமல் திறக்கக்கூடாது என்றதும் ஊருக்கே தெரிந்த கதை.

மீட்டரைப் பையில் வைத்த பிறகுதான் கஷ்டமான பகுதி தொடங்குகிறது. திண்ணையில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பிரிக்க வேண்டும். கொங்குப் பக்கத்துப் பெரியவர் நிலத்தை வள்ளக் கணக்கில் சொல்வார், தாளில் ஏக்கர் கட்டம்தான் இருக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய விளைச்சலைக் கேட்டால், ‘மூத்தவ கல்யாணம் முடிஞ்ச வருசம்’ என்று பதில் வரும். அதை ஆண்டாக மாற்ற வேண்டும். மாடு எத்தனை என்பதற்கு உடனே பதில் வரும், கடன் எவ்வளவு என்பதற்கு வராது. பகல் பதினொரு மணிக்குப் போனால் ஆண்கள் மட்டும் இருப்பார்கள், குடிதண்ணீருக்கு நடக்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வீட்டுக்கணக்கு முடிந்துவிடும்.

கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கும். இத்துறையின் மிகப் பிரபலமான, மிகச் சர்ச்சைக்குரிய கேள்வி. ‘இந்த ஆறு பழையபடி சுத்தமாக வேண்டுமானால் உங்கள் குடும்பம் மாதம் எவ்வளவு கொடுக்கத் தயார்?’

‘கெடுத்தவங்கிட்டப் போயிக் கேளு கண்ணு. நாங்க எதுக்குக் குடுக்கோணும்?’

இப்படி ஒரு பதில் வராத ஊர் இருக்க முடியாது. மாணவி என்ன எழுதுவாள்? கட்டத்தில் ரூபாய் எண் மட்டுமே போட இடம் இருக்கிறது. பூஜ்யம் என்று போட்டால், இவருக்கு ஆறு தேவையே இல்லை என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். ‘எதிர்ப்புப் பூஜ்யம்’ என்று தனியாகக் குறித்தால், பல ஆய்வுகளில் அந்தத் தாளையே எடுத்து ஒதுக்கிவிட்டுச் சராசரி போடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் பெரியவர் சொன்னது கணக்கில் ஏறாது. அவர் சொன்னதோ சட்டப்படி சரியான பதில். வேலூர்த் தோல் ஷாப்புகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. மேலே சொன்ன ஆணையம் அமைந்ததே அந்தத் தீர்ப்பின் விளைவாகத்தான். கேள்வியையே திருப்பி, ‘இந்தச் சேதத்தைப் பொறுத்துக்கொள்ள உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும்’ என்று கேட்டால் பதில் பல மடங்கு பெரிதாக வரும் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதிலேயே, ஆறு யாருடையது என்ற முடிவு ஒளிந்திருக்கிறது.

அலாஸ்காவில் 1989-ல் எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியபோது இதே தகராறு அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியது. இந்தக் கேள்வித்தாள் முறையை நம்பலாமா என்று ஆராய, நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ இருவர் தலைமையில் குழு போட்டார்கள். நேரில் போய்க் கேளுங்கள், ‘எவ்வளவு’ என்று கேட்காமல் இவ்வளவுக்குச் சம்மதமா, இல்லையா என்று வாக்கெடுப்புபோலக் கேளுங்கள் என்று 1993-ல் அந்தக் குழு சொன்னது. வகுப்பறையில் இதை அரை மணி நேரத்தில் நடத்தி முடிக்கலாம். திண்ணையில் ஒரு தடவை மாட்டிக்கொண்டவளுக்குத்தான் அந்தச் சிபாரிசு ஏன் வந்தது என்று உறைக்கும்.

அன்னாசிப்பழம் கற்றுக்கொடுத்த பாடம்

விலை போடுவது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. 1999 அக்டோபரில் ஒடிசாவைப் புரட்டிப்போட்ட சூப்பர் புயலுக்குப் பிறகு, இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ருச்சி படோலாவும் எஸ்.ஏ. ஹுசைனும் பிதார்கனிகா பக்கத்தில் மூன்று கிராமங்களின் சேதத்தை ஒப்பிட்டார்கள். அலையாத்திக் காட்டின் மறைவில் இருந்த கிராமத்தில் வீட்டுக்குச் சராசரி இழப்பு 33 டாலர். காடும் இல்லாமல், கரையும் இல்லாமல் இருந்த கிராமத்தில் 44 டாலர். மண்கரை கட்டிப் பாதுகாத்த கிராமத்தில் கிட்டத்தட்ட 154 டாலர்! கரை உடைந்து உள்ளே வந்த கடல்நீர், அதே கரை தடுத்ததால் வெளியே போக முடியாமல் தேங்கியதுதான் காரணம். வீடு வீடாக, ‘கூரை போச்சா, ஆடு போச்சா, நெல்லு போச்சா’ என்று கேட்டால் தவிர இந்த எண் எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் கிடைக்காது.

ஆனால் விலைக்கு ஒரு வம்பு உண்டு. கோஸ்டாரிகாவின் ஒரு காப்பித் தோட்டத்தில் டெய்லர் ரிக்கெட்ஸ் குழுவினர், பக்கத்துக் காட்டிலிருந்து வரும் தேனீக்களால் விளைச்சல் 20 சதவீதம் கூடுகிறது, அந்த ஒரு தோட்டத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர் லாபம் என்று 2004-ல் நிறுவினார்கள். காட்டைக் காப்பாற்ற இதைவிட அழகான வாதம் உண்டா? இரண்டே ஆண்டில் டக்ளஸ் மெக்காலி என்பவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு குட்டைப் போட்டு உடைத்தார். காப்பி விலை விழுந்ததும் அந்தத் தோட்டம் காப்பியைப் பிடுங்கிவிட்டு அன்னாசி வைத்துவிட்டது. அன்னாசிக்குத் தேனீ வேண்டாம். காட்டின் 60,000 டாலர் மதிப்பு ஒரே நாளில் ஆவியாகிவிட்டது. காடு அப்படியேதான் நின்றது. இத்துறைக்கு வருகிற எந்த மாணவருக்கும் முதல் வாரத்திலேயே இந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

இடங்கள் எங்கே?

வெளிநாட்டில் இதற்குப் பெரிய வாசல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளங்கலை மாணவர்களுக்காக நடத்திவரும் கோடை ஆராய்ச்சித் திட்டம். பத்து வாரம் போல, தங்க இடமும் உதவித்தொகையும் உண்டு. அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே என்பதால் நம் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் கண்ட் நிறுவனம் இத்துறையின் பெரிய வீடுகளில் ஒன்று. ஜி.டி.பி.க்குப் பதிலாக மெய்யான முன்னேற்றத்தை அளக்கும் குறியீடு ஒன்றைக் கணக்கிட வெர்மான்ட் மாநிலம் 2012-ல் சட்டமே போட்டபோது, அந்தக் கணக்கில் இந்த நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது.

இந்திய மாணவருக்கு உண்மையில் திறந்திருப்பது கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க். பன்னிரண்டு வாரம், எல்லாத் துறைக்கும் இடம், விமானச் செலவும் அவர்களுடையது. ஆனால் கோடைக்கு முந்தைய செப்டம்பருக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முனைவர் பட்ட மாணவர்களுக்கு வியன்னா அருகே லாக்சன்பர்க்கில் ஐ.ஐ.ஏ.எஸ்.ஏ. என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனம் 1977 முதல் நடத்தும் மூன்று மாதக் கோடைத் திட்டம் இருக்கிறது. ஆஸ்திரியப் பேரரசர்கள் வெயிலுக்கு ஒதுங்கிய அரண்மனையில் உட்கார்ந்து தண்ணீர்ப் பஞ்சத்தை மாதிரியாக்கம் செய்யலாம். இந்தியா உறுப்பு நாடு என்பதால் நிதிக்கு வழி உண்டு.

உள்நாட்டில், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு நல்கை பெயர்பெற்றது. உயிரியல், புவியியல், பொறியியல், கணிதம் எல்லாம் அதில் உண்டு, பொருளாதாரம் இல்லை. தாவரவியல் மாணவி ஏரியைப் பற்றி ஆய்வு செய்ய அதில் போகலாம்; அவள் தோழி, அதே ஏரியை நம்பிய குடும்பங்களின் வரவு செலவைப் பார்க்க விரும்பும் பொருளியல் மாணவி, போக முடியாது. இரண்டு துறைக்கும் நடுவில் நிற்கும் படிப்பு என்று மேடையில் பெருமை பேசுவோம், விண்ணப்பப் படிவத்தில் அந்த நடு இடத்துக்குக் கட்டம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் கோடை நல்கையில் எம்.ஏ. மாணவர்களுக்கும் இடமுண்டு. கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், அடையாற்றில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் (எம்.ஐ.டி.எஸ்.), நொய்யல் படுகையின் தண்ணீரைப் பற்றி நீண்ட ஆய்வு நடத்திய பெங்களூரு ஏட்ரீ என்று வெளியே தேடுகிறவருக்குக் கதவுகள் உண்டு. இவற்றில் பல இடங்கள் விளம்பரத்தில் வராது, பேராசிரியருக்கு எழுதிக் கேட்டால்தான் உண்டா இல்லையா என்று தெரியும்.

அந்த மெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்...’ என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் மெயிலை யாரும் படிப்பதில்லை. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரியாத ஒன்றைக் கேட்டு, உங்கள் ஊர் எது, அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், எக்செல் எவ்வளவு வரும் என்று பத்து வரியில் எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். தமிழ் சரளமாகப் பேசுவேன் என்பதைத் தகுதியாகவே எழுதுங்கள். களத்தில் அதைவிடப் பெரிய தகுதி இல்லை. அதை விண்ணப்பத்தில் எழுத வெட்கப்படுகிறவர்களே அதிகம்.

யாருடைய லீவு?

இனி, இந்த இடங்களுக்குப் போக முடிகிறவர்கள் யார் என்ற விவகாரத்துக்கு வருவோம். உதவித்தொகை இல்லாத கோடை ஆய்வில் சேர, இரண்டு மாதம் சென்னையிலோ பெங்களூரிலோ விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாவற்றுக்கும் வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். திருப்பூர்ப் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் படிக்கும் ஒரு பெண்ணுக்கு மே மாதம் என்றால் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங். அந்தச் சம்பளத்தில்தான் அடுத்த வருடத்து ஃபீஸ் கட்ட வேண்டும். அவளிடம் ‘அனுபவத்துக்காக வா’ என்பது, அவள் வீட்டு வருமானத்தில் இரண்டு மாதத்தைக் கேட்பதற்குச் சமம்.

ஆக, நொய்யல் கரைக்குக் கேள்வித்தாளோடு போகிற பிள்ளை பெரும்பாலும் நொய்யலை அதற்கு முன் பார்த்திராத பிள்ளை. வள்ளம் என்றால் அவனுக்குத் தெரியாது. எந்த நேரத்துக்குப் போனால் பெண்கள் வீட்டில் இருப்பார்கள் என்று தெரியாது. ‘கெடுத்தவங்கிட்டப் போயிக் கேளு’ என்ற பதிலை அவன் கோபமாக மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, அப்பாவின் கிணறு உப்பானதையும் பார்த்தவளுக்கு அந்தப் பதிலின் இரண்டு பக்கமும் தெரியும். அவள் வீட்டில் ஒருவருக்குச் சம்பளம் சாயத்திலிருந்து வருகிறது, இன்னொருவருக்கு நஷ்டம் அதே சாயத்திலிருந்து வருகிறது. இதைக் கேள்வித்தாளில் ஒரு கேள்வியாகவே சேர்க்க அவளால் முடியும். வாய்ப்பு அவளுக்கு இல்லாததால் ஆய்வின் தரமே குறைகிறது. ஏழை மாணவிக்கு உதவ வேண்டும் என்ற தர்மக் கணக்கில் நான் இதைச் சொல்லவில்லை.

செலவு பெரிதா என்றால் இல்லை. ஐம்பது மாணவர்களுக்கு மாதம் 12,000 ரூபாய் வீதம் இரண்டு மாதம் கொடுத்தால் மொத்தம் 12 லட்சம். 2004-ல் நிர்ணயித்த அந்த இழப்பீட்டுத் தொகையில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. கோவையிலேயே பாரதியார் பல்கலைக்கழகமும் வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஒன்றில் பொருளியல் மாணவர், மற்றதில் மண்ணும் நீரும் படித்த மாணவர் என்று இருவர் இருவராகச் சேர்த்து அனுப்பலாம். பல கலைக் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டுக் கோடையில் இன்டர்ன்ஷிப் ஏற்கெனவே பாடத்திட்டத்தில் இருக்கிறது. இன்று அது பெரும்பாலும் தெரிந்த கடையில் கையெழுத்து வாங்கி வருவதில் முடிகிறது. அந்த மணிக்கணக்கையே களத்துக்குத் திருப்பலாம், புதிதாக ஒரு பேப்பர் தேவையில்லை.

உண்மையான சிக்கல் காலண்டரில் இருக்கிறது. பல்கலைக்கழகத் தேர்வுகள் பல ஊர்களில் மே மாதத்துக்குள் இழுக்கின்றன, ஜூன் பாதியில் கல்லூரி திறந்துவிடுகிறது. எட்டு வார ஆய்வுக்குக் கையில் கிடைப்பது ஐந்து வாரம். அதிலும் முதல் வாரம் கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்கவே போய்விடும். மீதி வாரங்களை ஜூலை சனி, ஞாயிறுகளில் முடிக்க அனுமதிக்கும் ஒரு துறைத்தலைவர் கிடைத்தால் போதும். வெளியே விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள் அதற்குக் காத்திருக்க வேண்டாம்: கனடாவுக்கு செப்டம்பர், அகாடமிகளுக்கு ஆண்டுக் கடைசி, லாக்சன்பர்க்குக்கு ஜனவரி, ஐ.ஐ.டி.க்கு அதற்கடுத்த மாதங்கள். பேராசிரியருக்கு மெயில் போடுவதை மட்டும் பொங்கலுக்குத் தள்ளாதீர்கள், அதற்குள் அவர் ஆள் எடுத்திருப்பார்.